சின்னத்தங்கம் முடக்கை நேராக்கியமை பற்றியது

அனுப்புபவர்:
திருமதி குணலட்சுமி நடராசா,
தலைவர், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம்,
நாவலடி ஒழுங்கை, கலட்டிப்புலம்,
மருதனார்மடம்.

பெறுபவர்:
செயலாளர் அவர்கள்,
பிரதேச சபை.

விடயம்: நாவலடி ஒழுங்கையில் இருந்த முடக்கை மறுபடி முடக்கித் தருமாறு கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

வளைந்த வீதியை நேராக்கித் தருமாறு உங்கள் அலுவலகத்துக்கு மனுக்கள் வருவது வழமை. நேராக்கிய வீதியை வளைத்துத் தருமாறு கேட்கும் மனு இதுவே முதலாவதாக இருக்கலாம். எழுத்துப் பிழை என்று எண்ணி ஒதுக்கிவிடாமல், கடைசிவரை வாசிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

1. நான் கலட்டிப்புலத்தில் வெங்காயம் பயிரிடுபவள். பிறந்தது ஒழுங்கையின் மேற்குப் பக்கம். வாழ்க்கைப்பட்டது கிழக்குப் பக்கம். ஆகவே இரு பக்கத்தாரும் என்னை மற்றப் பக்கத்து ஆளாகவே கருதி வருகிறார்கள். சங்கத்துக்கு என்னைத் தலைவராக்கியதும் இந்தக் காரணத்தினால்தான் என்று நம்புகிறேன். இரு பக்கத்தாருக்கும் இடையிலான மனத்தாங்கல் கோயில் ஒலிபெருக்கி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதில் தொடங்கியது. அதன் விபரம் இம்மனுவுக்குத் தேவையில்லை. பல வருடங்களாக நல்லது கெட்டதுக்குக்கூட ஒழுங்கையைக் கடந்து போகாதவர்களாக இருந்தோம் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளவும்.

2. எங்கள் ஒழுங்கை பெரிய வீதியில் தொடங்கி வடக்கே அம்மன் கோயில் வரை செல்கிறது. பாதித் தூரம் நேராக வந்து, ஒரு பள்ளத்தறையைக் கண்டதும் கிழக்கே திரும்பி, அதைச் சுற்றிக்கொண்டு, மறுபடி பழைய வழிக்கே வந்துவிடும். அந்தப் பள்ளத்துக்கு வேலி இல்லை, காணி உறுதி இல்லை, உரிமை கோருபவரும் இல்லை. வேலிக் கதியாலை ஒரு சாண் தள்ளி நடுவதற்கு வழி பார்த்திருப்பவர்கள் இரு பக்கமும் தாராளமாக வாழும் ஊரில், ஒரு துண்டு நிலம் அப்படிக் கிடந்தது விசேடம் என்பதைத் தாங்கள் ஒப்புக்கொள்வீர்கள். யாரும் அதைத் தொடாததற்குக் காரணம் அது சின்னத்தங்கத்தின் இடம் என்பதே. முடக்குக்கும் அவவின் பெயர்தான்.

3. சின்னத்தங்கம் யார் என்று கேட்பீர்கள். வெள்ளைக்காரன் காலத்தில் முதன்முதலாக இந்த ஒழுங்கையை வெட்டிக்கொண்டு வந்த ஓவசியரின் வழியில், அந்த இடத்தில் அவ குந்தியிருந்தா. எழும்பச் சொன்னார்கள். எழும்பவில்லை. ஓவசியர் வெருட்டிப் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார். கடைசியில் ஒழுங்கையை அவவைச் சுற்றி வெட்டிவிட்டுப் போனார். இதுவரை ஊரில் இரண்டு கருத்துக் கிடையாது. அவ ஏன் குந்தியிருந்தா என்பதில்தான் கருத்து வேறுபாடு. கிழக்குப் பக்கத்தார் சொல்வது: அவவின் மாடு அந்த இடத்தில் கன்று ஈன்று படுத்திருந்தது, மாடு எழும்பும் வரை தானும் எழும்பமாட்டேன் என்றா. மேற்குப் பக்கத்தார் சொல்வது: மாடும் இல்லை, கன்றும் இல்லை. அவ மகளின் கலியாணத்துக்கு அதில் அடுப்பு மூட்டியிருந்தா, மூட்டிய அடுப்பை இடம் மாற்றக்கூடாது என்றா. கோயில் ஐயாவைக் கேட்டால், குந்தியிருந்தது சாட்சாத் அம்மனேதான் என்பார். அவருக்கு வேறு பதில் சொல்ல வசதி இல்லை.

4. கடந்த ஆவணி மாதம் தங்கள் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் திரு. சயந்தன் அளவு நாடாவுடனும் சிவப்பு மை பூசிய முளைகளுடனும் வந்தார். ஒழுங்கை தார் போட்ட காப்பெற் வீதியாகப் போகிறது என்றதும் எல்லோருக்கும் சந்தோசம். எங்கள் வீட்டில் தேத்தண்ணியும் குடித்தார். மரியாதையான பிள்ளை என்பதை இங்கு பதிவு செய்கிறேன். பள்ளத்தின் நடுவில் முளை அடிக்கத் தொடங்கிய போதுதான் மேற்குப் பக்கத்து மகாதேவி அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

"தம்பி, உந்தக் கட்டையை ஏன் அவவின்ரை மடியிலை அடிக்கிறீர்?"

"ஆரின்ரை மடி, அம்மா? இதிலை ஒருத்தரையும் காணேல்லையே."

"உமக்குத் தெரியாது. றோட்டு உதாலை சுத்தித்தான் போகும்."

"ஏன் சுத்தவேணும்? காரணம் இருந்தால் எழுதித் தாங்கோ, மேலை அனுப்புறன். காரணம் இல்லாத முடக்கெல்லாம் நிமித்தச் சொல்லித்தான் எங்களுக்கு உத்தரவு."

5. காரணத்தைத் தீர்மானிப்பதற்காக வாசிகசாலையில் கூட்டம் கூட்டினேன். ஒலிபெருக்கிப் பிரச்சினைக்குப் பிறகு இரு பக்கத்தாரும் ஒரே கூரையின் கீழ் இருந்தது அன்றுதான். கிழக்குப் பக்கத்துத் தம்பிஐயா அண்ணை, தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், முதலில் எழும்பினார்.

"மாடு எண்டு எழுதுங்கோ. மாடெண்டால் அரசாங்கம் மதிக்கும். மிருக வைத்தியர் பகுதியும் எங்கடை பக்கம் நிக்கும்."

மகாதேவி அக்கா இருந்தபடியே பதில் சொன்னா. "எப்பவோ செத்த மாட்டுக்கு மிருக வைத்தியர் வந்து என்ன, ஊசி போடுறதே? கலியாண அடுப்பு எண்டு எழுதுங்கோ."

"அடுப்பெண்டால் சாம்பல் எங்கை?"

"மாடெண்டால் சாணி எங்கை?"

கூட்டக் குறிப்பில் இதற்கு மேல் பதியவில்லை. இரண்டையும் சேர்த்து எழுதுவோம் என்று நான் சொன்னேன். மாடு படுத்திருந்த இடத்தில் எப்படி அடுப்பு மூட்டுவது என்று இரு பக்கத்தாரும் ஒரே குரலில் கேட்டார்கள். பல வருடங்களுக்குப் பிறகு அவர்கள் ஒத்துப்போன முதலாவது விடயம் அதுவாகும். முடிவில் மாட்டுக்கு ஒரு மனுவும், அடுப்புக்கு ஒரு மனுவும், கோயிலில் இருந்து அம்மனுக்கு ஒரு மனுவும் தங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தன.

6. காரணங்கள் ஒன்றுக்கொன்று முரணாக இருப்பதால் எதையும் ஏற்க முடியாது எனத் தங்கள் அலுவலகம் பதில் அனுப்பியது. அப்பதிலில் பிழை இருப்பதாக நான் சொல்லவில்லை. நானும் அந்தக் கதிரையில் இருந்திருந்தால் அப்படித்தான் எழுதியிருப்பேன். புரட்டாதியில் கிரவலும் கல்லும் கொண்டுவந்து பள்ளத்தை நிரப்பினார்கள். ஒழுங்கை நேரானதும், கோயில் வாசலில் நின்று பார்த்தால் பெரிய வீதியில் போகும் பஸ்ஸின் இலக்கம் தெரிந்தது. சிலருக்கு அது பெருமையாகவும் இருந்தது. எனக்கு மட்டும் ஏதோ ஒருவரை எழுப்பிக் கலைத்துவிட்டது போல் இருந்தது. இதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. அதனால் அப்போது முறையிடவில்லை.

7. கார்த்திகை மாதம் மழை பிடிக்கும் அறிகுறி கண்டதும், மண் கரைவதற்கு முன் அமர்த்திவிட வேண்டும் என்று தங்கள் சபை அவசரமாக ஒரு றோலரை அனுப்பியது. அதன் சாரதி பிரவீணன், பருத்தித்துறைப் பக்கத்துக் கடற்றொழில் குடும்பத்துப் பொடியன். றோலர் பள்ளமிருந்த இடத்துக்கு வந்து இரண்டு முறை முன்னும் பின்னும் போனது. மூன்றாம் முறை, முன் உருளை மெதுவாகக் கீழே இறங்கியது. பிரவீணன் குதித்துவிட்டதால் அவருக்குக் காயம் இல்லை. றோலர் மூக்கைக் கீழே குத்தியபடி சரிந்து நின்றது. சயந்தன் தம்பி மோட்டார் சைக்கிளில் வந்து பார்த்தார். லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தைப் பூட்டி இழுத்தார்கள். லான்ட்மாஸ்டர்தான் பின்னால் வந்தது. அப்படியிருக்க மழை தொடங்கியது. சயந்தன் தம்பியும் பிரவீணனும் அன்றிரவு வாசிகசாலையில் தங்கினார்கள்.

8. இதுவரை எழுதியவற்றைத் தாங்கள் சிரித்துக்கொண்டு வாசித்திருந்தால் எனக்கு மனவருத்தம் இல்லை. இப்பந்தியை மட்டும் சற்று நிதானமாக வாசிக்கவும்.

மழை விடிய விடியப் பெய்தது. முன்னெல்லாம் தெற்கே இருந்து வரும் வெள்ளம் முடக்கில் வந்து நின்று, மழை விட்டதும் காணாமல் போய்விடும். எங்கே போகிறது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. நின்றது, போனது, அவ்வளவுதான். இந்த முறை அது நிற்கவில்லை. நேரான ஒழுங்கையில் வாய்க்கால் போல ஓடி, காலையில் கோயில் மடைப்பள்ளிக்குள் புகுந்தது. என் தோட்டத் தறையில் முளைத்து நின்ற வெங்காயம் முழுவதும் அடிபட்டுப் போனது. ஒழுங்கையின் கடைசி வீடு தம்பிஐயா அண்ணையுடையது. அவருடைய மகள் தர்சிகா பிள்ளை பெற்றுத் துடக்குக் கழியாத பச்சை உடம்புக்காரி. அவவின் கணவர் கொழும்பில் வேலை. அண்ணைக்கு முழங்கால் வருத்தம். கிணற்றுக் கட்டுக்கு மேலால் தண்ணீர் போய்க்கொண்டிருக்க, தர்சிகா கட்டிலின் மேல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றா. அண்ணை வாசலில் நின்று சத்தம் போட்டார். யாரைக் கூப்பிட்டார் என்று அவருக்கே தெரியாது.

முதலில் வந்தது மகாதேவி அக்கா. தர்சிகா பிள்ளை பெற்றதற்கு ஒரு சொல்லும் கேட்டுப் போகாத அதே மகாதேவி அக்கா, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, தொடையளவு தண்ணீரில் வந்து நின்று கையை நீட்டினா.

தர்சிகா ஒரு கணம் யோசித்ததை நான் என் கண்ணால் கண்டேன்.

"பிள்ளையைத் தா," என்றா அக்கா. "கோவத்தைப் பிறகு பாப்பம்."

பிள்ளை கை மாறியது. தர்சிகாவை நானும் பிரவீணனும் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தோம். தம்பிஐயா அண்ணையை முதுகில் சுமந்து வந்தது தங்கள் உத்தியோகத்தர் சயந்தன். அவருடைய சப்பாத்து ஒன்று வெள்ளத்தில் போய்விட்டது. அதற்கு இழப்பீடு வழங்குமாறு சங்கம் சிபாரிசு செய்கிறது.

9. வெள்ளம் வடிந்த பிறகு சயந்தன் தம்பி ஒற்றைச் சப்பாத்துடன் றோலருக்குப் பக்கத்தில் போய்க் குந்தினார். முன் உருளை இறங்கிய இடத்தில் கிரவல் கரைந்து, அடியில் சுண்ணாம்புக் கல்லில் ஒரு வெடிப்பு வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. மிச்சத் தண்ணீர் அதற்குள் சுழித்து இறங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, இதை நான் பாத்திருக்க வேணும்," என்றார்.

"நாங்கள் மட்டும் பாத்தனாங்களே தம்பி? பிறந்த நாள் தொட்டு இதாலை போய் வாறம். நாங்கள் மாட்டைப் பற்றிக் கதைச்சுக்கொண்டிருந்தம்."

இது அவரைத் தேற்றுவதற்காகச் சொன்னதல்ல, உண்மை. எங்கள் கதைகளில் ஒன்றிலாவது தண்ணீரைப் பற்றி ஒரு சொல் கிடையாது. மாடு என்றார்கள், அடுப்பு என்றார்கள், அம்மன் என்றார்கள். ஆனால் அந்தக் கதைகளுக்குப் பயந்துதான் அங்கே யாரும் மதில் கட்டவில்லை, குப்பை கொட்டவில்லை, கதியால் தள்ளி நடவில்லை. நிலம் தன் வாயை மூடாமல் வைத்திருந்தது அதனால்தான். எங்கள் கிணறுகளில் பங்குனியிலும் தண்ணீர் இருந்தது அதனால்தான் என்று இப்போது நினைக்கிறேன். இதை விஞ்ஞான ரீதியாக நிரூபிக்க என்னால் இயலாது. தங்கள் உத்தியோகத்தரால் இயலும், கேட்டுப் பார்க்கவும்.

10. தற்போதைய நிலைமை பின்வருமாறு. றோலர் இன்னமும் அதே இடத்தில் நிற்கிறது. அது வழியை மறிப்பதால் ஆட்டோவும் பள்ளிக்கூட வானும் கிழக்கே திரும்பி, அதைச் சுற்றிக்கொண்டு, மறுபடி ஒழுங்கைக்கு ஏறிப் போகின்றன. அதாவது முடக்கு பழையபடி பாவனைக்கு வந்துவிட்டது. காவலுக்கு நிறுத்தப்பட்ட பிரவீணன் வாசிகசாலையில் தங்கியிருக்கிறார். அவருக்கு மத்தியானச் சாப்பாடு கொடுப்பது யார் என்பதில் இரு பக்கத்தாருக்கும் போட்டி ஏற்பட்டு, முறை வைத்துக் கொடுக்கிறார்கள். ஒரு நாள் என் வீட்டில் சாப்பிடும் போது அவர் சொன்னது: "எங்கடை பக்கம் கடலுக்கை கல்லுப் பார் இருந்தால் வள்ளம் சுத்தித்தான் போகும், அக்கா. பாரைப் பாத்து ஒருத்தரும் காரணம் கேக்கிறேல்லை."

தர்சிகாவும் பிள்ளையும் வீடு காயும் வரை மகாதேவி அக்கா வீட்டில் இருந்தார்கள். பேரனைப் பார்க்க வேண்டுமானால் தம்பிஐயா அண்ணை ஒழுங்கையைக் கடந்து அந்தப் படலையைத் திறக்க வேண்டியிருந்தது. முதல் நாள் படலைக்கு வெளியில் நின்று இருமினார். இரண்டாம் நாள் உள்ளே போய்க் கதிரையில் இருந்தார். பிறகு ஒரு நாள், சின்னத்தங்கம் குந்தியிருந்தது தண்ணீருக்காகத்தான் என்று மகாதேவி அக்கா புதிதாகச் சொல்லத் தொடங்கினா.

"அப்ப மாடு?" என்று கேட்டார் அண்ணை.

"மாடு தண்ணி குடிக்க வந்தது."

"அப்ப அடுப்பு?"

"கலியாணத்துக்குச் சமைக்கத் தண்ணி வேண்டாமே?"

இவ்வாறாக இரு பக்கக் கதைகளும் இணக்கத்துக்கு வந்தன. ஆயினும் மாட்டின் நிறம் பற்றி இதுவரை உடன்பாடு எட்டப்படவில்லை. சிவலை என்கிறார் அண்ணை. கறுவல் என்கிறா அக்கா.

11. இந்நிலையில், பாரந்தூக்கி கொண்டுவந்து றோலரை எடுத்து, வெடிப்பைக் கொங்கிறீற் போட்டு அடைத்து, திட்டமிட்டபடி வேலை தொடரும் என்று தங்கள் அலுவலகத்தில் இருந்து கடிதம் வந்துள்ளது. ஊர் மக்கள் மூடநம்பிக்கை காரணமாக அரசாங்க இயந்திரத்துக்கு வழிபாடு செய்து வேலைக்கு இடையூறு விளைவிப்பதாகவும் அதில் குற்றம் சாட்டப்பட்டுள்ளது. இது குறித்துச் சங்கத்தின் விளக்கம்: றோலருக்கு யார் பொட்டு வைத்தார்கள் என்பது எமக்குத் தெரியாது. பொட்டு வைக்கப்பட்டிருப்பது உண்மை. அதன் இருக்கையில் செவ்வரத்தம் பூ காணப்படுவதும் உண்மை. தைப்பொங்கலன்று அதன் முன்னால் கற்பூரம் எரிந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அன்று ஊரில் உழவு இயந்திரங்களுக்கும் கற்பூரம் எரிந்தது. அரசாங்க இயந்திரத்தை மட்டும் தவிர்த்திருந்தால் அது அவமரியாதையாகக் கருதப்பட்டிருக்கும்.

கொங்கிறீற் விடயத்தில் எமக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாயை அடைத்தால் அடுத்த மாரியில் தர்சிகாவின் வீட்டுக்குள் மறுபடி வெள்ளம் வரும். அதன் பிறகு வரும் கோடையில் எங்கள் கிணறுகள் வற்றிப் போகலாம். தோட்டம் செய்பவர்கள் கிணற்றை நம்பியே பிள்ளை குட்டிகளை வளர்க்கிறோம்.

12. ஆகையால் கீழ்வரும் நிவாரணங்களைக் கோருகிறோம்.

அ. பள்ளத்தில் கொட்டிய கிரவலை இந்தக் கோடைக்குள் அள்ளி, வெடிப்பைத் திறந்தபடியே விடவும்.

ஆ. காப்பெற் வீதியைப் பழைய முடக்கு வழியே போடவும். காப்பெற் வேண்டாம் என்று நாங்கள் ஒருபோதும் சொல்லவில்லை.

இ. றோலரைத் தாங்கள் தாராளமாக எடுத்துச் செல்லலாம். ஆனால் அ, ஆ ஆகியவை எழுத்தில் உறுதிப்படுத்தப்படும் வரை அது அங்கேயே நிற்பது வீதிப் பாதுகாப்புக்கு நல்லது எனச் சங்கம் அபிப்பிராயப்படுகிறது.

ஈ. திரு. சயந்தன் மீது விசாரணை நடப்பதாக அறிகிறோம். பள்ளத்தை மூடியது பிழைதான். வெள்ளத்தில் இறங்கியது அவருடைய கடமைப் பட்டியலில் இல்லை, இறங்கினார். திருத்த வேலையை அவரிடமே ஒப்படைக்கவும். இப்போது அந்த இடத்தை அவரை விடக் கவனமாகப் பார்ப்பவர் இல்லை.

உ. முடக்கில் சபையின் செலவில் ஒரு பெயர்ப்பலகை நாட்டித் தரவும். அதில் "சின்னத்தங்கம் முடக்கு" என்று மட்டும் எழுதினால் போதும். காரணம் எதையும் எழுத வேண்டாம் என்று மிகவும் தயவாகக் கேட்டுக்கொள்கிறோம். அதை எழுதிவிட்டால், பின்னேரத்தில் இரு பக்கத்தாரும் வந்து நின்று கதைப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

தாங்கள் நேரில் வந்து இடத்தைப் பார்த்து, விரைவில் நல்ல முடிவு தருவீர்கள் என்ற நம்பிக்கையுடன் இம்மனுவை ஊரார் சார்பில் கையளிக்கிறேன். வரும் நாளை முன்கூட்டி அறிவிக்கவும். மத்தியானச் சாப்பாடு எந்தப் பக்கம் என்பதைத் தீர்மானிக்க எங்களுக்குக் கால அவகாசம் தேவை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,

(ஒப்பம்)
குணலட்சுமி நடராசா
தலைவர், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம்

இடம்: கலட்டிப்புலம்
திகதி: 27.01.2025

பிரதி: கிராம உத்தியோகத்தர் – தகவலுக்காக